டைனோசர் எப்படி வளர்ந்தது, எப்படிக் கடித்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் எதுவானாலும் கடைசியில் டைனோசரில்தான் வந்து நிற்கும், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாவும் வாசலில் நின்று அதையே கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இதெல்லாம் எப்படித் தெரியும்? அதற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பதில் தரும் ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிரெகரி எரிக்சன். டைனோசர்களின் வளர்ச்சி, கடி, பல், முட்டை என்று 1990களிலிருந்து அவர் செய்துவரும் வேலையை வைத்துத்தான் கீழே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டைனோசர் உண்மையா இருந்ததா, இல்லாட்டி படத்துக்காகச் செய்ததா?

உண்மையாக இருந்தது. எலும்பு, பல், முட்டை, கால்தடம், சாணம் எல்லாம் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய 23 கோடி வருஷத்துக்கு முன் தோன்றி, 6 கோடி 60 லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு பெரிய விண்கல் விழுந்த காலத்தோடு அழிந்தன, பறவைகளைத் தவிர (அதைப் பிறகு சொல்கிறேன்). நம்முடைய மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் வருஷம்தான், அதனால் மனிதனும் டி-ரெக்ஸ் என்ற ராட்சத ஊனுண்ணி டைனோசரும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

இலங்கையில ஏன் ஒண்டும் கிடைக்கேல்ல?

கல் சரியில்லை, அவ்வளவுதான். இந்தத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு டைனோசர் தோன்றுவதற்கு வெகு முன்னமே உருவாகி, நிலத்துக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிப்போன பாறை. அதற்குள் எலும்பு இருக்க வழியில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கடலில் படிந்தது, அதுவும் டைனோசர் அழிந்து கோடிக்கணக்கான வருஷம் கழித்து. சரியான காலத்துப் பாறை புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம போன்ற இடங்களில் சின்னச் சின்னத் துண்டாக இருக்கிறது, அங்கே ஜுராசிக் காலத்துச் செடிகளின் உயிர்ச்சுவடுகள் கிடைத்திருக்கின்றன. டைனோசர் எலும்பு இதுவரை இல்லை.

ஆனால் அக்கரையில் நிறைய. ஜபல்பூரில் 1828லேயே எலும்பு எடுத்தார்கள், நர்மதை ஓரத்தில் ராஜாசோரஸ் என்ற ஊனுண்ணி இருந்தது, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023ல் கட்டுரை வந்தது. நமக்கு இரத்தினபுரி மாணிக்கக் கிடங்குகளில் நீர்யானை, காண்டாமிருகம் போன்றவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து எழுதிவைத்தார். அவை டைனோசர் இல்லை, காலத்தால் மிகவும் பிந்தியவை, ஆனாலும் இந்த மண்ணில் நீர்யானை திரிந்தது என்பது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

செத்து இவ்வளவு காலமான மிருகத்தின்ர வயசை எப்படிச் சொல்லுறாங்க? பிறப்பு அத்தாட்சிப் பத்திரமா இருக்கு?

எலும்புக்குள்ளேயே இருக்கிறது. வருஷத்தில் ஒரு பருவத்தில் சாப்பாடு குறைந்தோ காலநிலை கடினமாகியோ வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும், அப்போது எலும்பில் ஒரு மெல்லிய கோடு விழும், மரத்தின் குறுக்குவெட்டில் தெரியும் வளையங்கள் மாதிரி. எலும்பைக் குறுக்கே அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணுவார்கள். இன்றைக்கு வாழும் முதலை, பல்லிகளிலும் இதே கோடு வருஷத்துக்கு ஒன்றாக விழுவதை, வயது தெரிந்த விலங்குகளில் பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. விலங்கு பெரிதாகப் பெரிதாக, பாரம் தாங்கும் கால் எலும்புகள் உள்ளிருந்து கரைந்து புதிதாகக் கட்டப்படும், அதோடு சின்ன வயதுக் கோடுகள் அழிந்துபோகும். எரிக்சனின் குழு இதைச் சுற்றிப் போன விதம் எனக்கு மிகவும் பிடித்தது: பெரிய தொடை எலும்பை விட்டுவிட்டு, விலா எலும்பு, கீழ்க்காலின் மெல்லிய எலும்பு போன்று பெரிய பாரம் தாங்காதவற்றை எடுத்தார்கள். அவற்றில் கோடுகள் அழியாமல் இருந்தன. நூதனசாலைகளும் அந்த எலும்பை அறுக்கக் கொடுப்பதற்கு அவ்வளவு யோசிக்காது, காட்சிக்கு வைப்பது தொடை எலும்பும் தலையும்தானே.

டி-ரெக்ஸ் பிறக்கேக்கயே பெரிசா? எவ்வளவு வேகமா வளர்ந்தது?

பிறக்கும்போது சின்னது. எந்த டைனோசரும் முட்டையிலிருந்து வருவதால் ஒரு அளவுக்கு மேல் பெரிதாகப் பிறக்கமுடியாது, அதனால் தொன் கணக்கான உடம்பு எல்லாம் பிறகு வளர்த்ததுதான். 2004ல் எரிக்சன் குழு ஏழு டி-ரெக்ஸ்களின் வயதையும் எடையையும் சேர்த்து ஒரு வளர்ச்சிக் கோடு வரைந்தது. பதின்ம வயதில் நாலைந்து வருஷம் பாய்ந்து வளர்ந்திருக்கிறது, உச்சத்தில் ஒரு நாளைக்கு 2.1 கிலோ, வருஷத்துக்கு 767 கிலோ. அந்தக் கணக்குப்படி பதினெட்டு பத்தொன்பது வயதில் வளர்ச்சி அடங்கிவிடுகிறது.

இதில் முக்கியமான கண்டுபிடிப்பு அந்த எண் இல்லை. டி-ரெக்ஸின் உறவுக்கார விலங்குகளான அல்பர்டோசோரஸ், கோர்கோசோரஸ், டாஸ்பிளெட்டோசோரஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவை நாளைக்கு அரைக் கிலோ கூட ஏறவில்லை. டி-ரெக்ஸ் அதிக வருஷம் வளர்ந்து பெரிதாகவில்லை, கிட்டத்தட்ட அதே வருஷங்களுக்குள் பல மடங்கு வேகமாக வளர்ந்து பெரிதானது. கூர்ப்பில் ஒரு விலங்கு எப்படி ராட்சதனாக மாறுகிறது என்பதற்கு, ஊகமாக இல்லாமல் கோடு எண்ணிச் சொன்ன பதில் இது.

சூ எண்ட டி-ரெக்ஸ் 28 வயசிலயே செத்துப்போச்சாமே, அதை ஏன் கிழடு எண்டு சொல்லுறாங்க?

சூ 1990ல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது, இப்போது சிகாகோ ஃபீல்ட் நூதனசாலையில் நிற்கிறது, நீளம் 12 மீற்றருக்கு மேல். மேலே சொன்ன முறையில் எண்ணியபோது 28 வருஷம் வந்தது. வளர்ச்சி நின்றபிறகு கோடுகள் எலும்பின் ஓரத்தில் நெருங்கி நெருங்கி விழும், சூவில் அப்படி இருந்தது. அந்த ஏழில் அதுதான் மூத்தது.

2006ல் எரிக்சனும் கனடாவின் ஃபிலிப் கரியும் சேர்ந்து இன்னொன்று செய்தார்கள். அல்பர்ட்டாவில் ஒரே இடத்தில் செத்துக் கிடந்த 22 அல்பர்டோசோரஸ்களின் வயதைப் பார்த்து, எந்த வயதில் எத்தனை சாகும் என்று அட்டவணை போட்டார்கள், நம்முடைய காப்புறுதிக் கம்பெனிகள் மனிதருக்குப் போடுவதுபோல. குஞ்சில் நிறையச் சாகும், இரண்டு வயதைத் தாண்டினால் பல வருஷம் பெரிதாக ஆபத்தில்லை, பிறகு இனப்பெருக்க வயது வந்ததும் மறுபடி சாவு கூடுகிறது. சண்டை, முட்டையிடும் களைப்பு போன்றவை காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். முழு அளவுக்கு வளர்ந்து முதுமை கண்டவை மிகக் கொஞ்சம்.

இல்லாத மிருகத்தின்ர கடியை எப்படி அளக்கலாம்? சும்மா அடிச்சு விடுறாங்களோ?

இந்தக் கேள்வியை நான் எப்போதும் வரவேற்கிறேன், ஏனென்றால் இதற்குப் பதில் முழுக்க முழுக்கப் பரிசோதனை. மொன்டானாவில் டிரைசெரடொப்ஸ் என்ற, மூன்று கொம்புள்ள தாவர உண்ணி டைனோசரின் இடுப்பெலும்பு கிடைத்தது, அதில் டி-ரெக்ஸ் கடித்த பல்லின் ஓட்டைகள் நிறைய, ஆழமான ஒன்று ஒரு சென்ரிமீற்றருக்கு மேல். எரிக்சனும் பொறியியலாளர்களும் டி-ரெக்ஸ் பல்லை உலோகத்தில் வார்த்து, அதை ஒரு மாட்டின் இடுப்பெலும்பில் இயந்திரத்தால் அழுத்தினார்கள். அதே ஆழத்துக்கு ஓட்டை விழ எவ்வளவு விசை தேவை என்று பார்த்ததில் 13,400 நியூற்றன் வரை வந்தது, ஒன்றே கால் தொன் பாரத்துக்கும் மேல், அதுவும் ஒரு பல்லுக்கு. 1996ல் வெளியான வேலை இது. அப்போதும் அவர்கள் கவனமாகத்தான் சொன்னார்கள்: செத்த இரையை மெல்லும்போது எந்த விலங்கும் முழுப் பலத்தோடு கடிக்காது, ஆகவே இது குறைந்தபட்ச அளவு.

அப்படியென்றால் அதிகபட்சம்? அதற்கு உயிரோடு இருக்கும் உறவு வேண்டும், முதலைகளிடம் போனார்கள். தோல் சுற்றிய விசைமானியைத் தடியில் கட்டி வாய்க்குள் நீட்டி, அப்போது அறியப்பட்டிருந்த 23 முதலை இனங்களின் கடியையும் அளந்தார்கள். 2012ல் முடிவு வந்தது. மூக்கு நீளமா அகலமா என்பது அவ்வளவு முக்கியமில்லை, உடம்பின் அளவுதான் கடியின் பலத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு உவர்நீர் முதலை 16,414 நியூற்றன் கடித்தது, உயிருள்ள விலங்கில் அதுவரை பதிவான மிகப் பெரிய கடி.

முதலையின் தாடைத் தசைகளைப் பற்றி இப்படி அறிந்ததை வைத்து, போல் கிக்னாக் என்பவரும் எரிக்சனும் 2017ல் டி-ரெக்ஸ் தாடைக்குக் கணினியில் தசை பூட்டினார்கள். 8,500க்கும் 34,500க்கும் இடையில் நியூற்றன் வந்தது. வேறு குழுக்கள் இன்னும் கூடுதலாகவும் கணித்திருக்கின்றன. எது சரி என்பதில் வாதம் தொடரட்டும், எலும்பு நொறுங்குமா என்றால் எல்லாக் கணக்கிலும் நொறுங்கும்.

எங்கட முதலையும் அந்தப் பரிசோதனையில இருந்ததா?

இருந்தது. இலங்கையில் வாழும் இரண்டு இனமும், குளங்களில் இருக்கும் நன்னீர் முதலையும் களப்பு, ஆற்றுமுகப் பக்கம் இருக்கும் உவர்நீர் முதலையும், அந்த 23க்குள் அடக்கம். அளந்தது இங்கேயில்லை. பொல்கொடையிலோ தியவன்னாவிலோ கரையில் நின்று இவற்றைப் பார்க்கிறவர்கள் மேலே சொன்ன எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்திலிருந்து தள்ளியே நிறுத்துங்கள்.

டி-ரெக்ஸ் எலும்பைத் தின்டதா, இல்ல இறைச்சியை மட்டும் எடுத்துப்போட்டு விட்டதா?

தின்றது. கனடாவின் சஸ்காச்சவானில் 44 சென்ரிமீற்றர் நீளமான கல்லான சாணம் ஒன்று கிடைத்தது. கேரன் சின் தலைமையில் எரிக்சனும் சேர்ந்து 1998ல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் அவ்வளவு பெரிய சாணம் போடக்கூடிய ஊனுண்ணி டி-ரெக்ஸ்தான். உள்ளே நூற்றுக்கு 30 முதல் 50 வரையான பங்கு நொறுங்கிய எலும்புத் துண்டுகள், ஒரு இளம் தாவர உண்ணி டைனோசருடையவை. பிள்ளைகள் இந்தப் பதிலை மறப்பதே இல்லை.

பல் உடையாதா என்று கேட்பவர்களுக்கு: உடையும், திரும்ப முளைக்கும். பல்லுக்குள் நாளுக்கு ஒன்றாக விழும் நுண்கோடுகள் உண்டு. அதை எண்ணி, டி-ரெக்ஸ் ஒரு பல்லை மாற்றக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் எடுத்தது என்று எரிக்சன் தன் ஆரம்ப காலத்திலேயே கணித்தார். இந்த நாள் கோடு முட்டைக் கேள்வியிலும் வரும்.

இலை தின்னுறதுக்கு என்ன பெரிய பல்லு வேணும்?

பெரிய பல் வேண்டாம், நல்ல பல் வேண்டும். வாத்து அலகு டைனோசர்கள் என்கிற ஹாட்ரோசோர்களின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள் ஒன்றோடொன்று அடுக்கி, ஒரே அரைக்கும் தளமாக நின்றன. சாதாரண ஊர்வனவின் பல்லில் முக்கியமாக இரண்டு வகை இழையம். குதிரை, மாடு போன்றவற்றில் நாலு. ஹாட்ரோசோரின் பல்லில் ஆறு இருப்பதை 2012ல் எரிக்சனும் பொறியியலாளர்களும் காட்டினார்கள்.

அதற்கு அவர்கள் செய்தது துணிச்சலானது: 6 கோடி வருஷத்துக்கு மேல் பழைய பல்லை எடுத்து, ஒவ்வொரு இழையத்தின் கடினத்தையும் தேய்மானத்தையும் இயந்திரப் பாகத்தைச் சோதிப்பதுபோலவே சோதித்தார்கள். கடினமானது மெதுவாகத் தேயும், மென்மையானது வேகமாகத் தேயும், அதனால் மெல்ல மெல்ல மேடும் பள்ளமும் தானாக உருவாகிப் பல் எப்போதும் கூராகவே இருக்கும். ஊனுண்ணிகளுக்குத்தான் எல்லோரும் ரசிகர்கள், என்னைக் கேட்டால் டைனோசர்களில் மிகத் திறமையான வாய் இதுதான்.

முட்டை எத்தினை நாளில பொரிக்கும்? கோழி மாதிரி மூண்டு கிழமையா?

இல்லை, மாதக்கணக்கு. முட்டைக்குள்ளேயே இறந்த கருக்களின் பல்லில் மேலே சொன்ன நாள் கோடுகளை எண்ணி, பல் தோன்றுமுன் கழிந்திருக்கவேண்டிய நாட்களைக் கூட்டிப் பார்த்தார்கள். மொங்கோலியாவின் புரோட்டோசெரடொப்ஸுக்கு ஏறக்குறைய மூன்று மாதம், கனடாவின் ஹைபாக்ரோசோரஸுக்கு ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 2017ல் வந்த இந்த முடிவுக்கு முன் பலர் பறவைகளைப்போல் சீக்கிரம் பொரித்திருக்கும் என்றுதான் நினைத்தார்கள்.

ஆறு மாதம் முட்டை மண்ணில் கிடந்தால் வெள்ளம், வறட்சி, திருட்டு விலங்குகள் எல்லாவற்றுக்கும் தப்பவேண்டும். விண்கல் விழுந்தபின் பறவைகளோடும் முலையூட்டிகளோடும் போட்டியிட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு சொல்கிறது. இது கருத்து மட்டும், நிரூபணம் இல்லை.

கடைசியா, குளிர் ரத்தமா சூடு ரத்தமா?

ஒரு சொல்லில் சொன்னால் ஏமாற்றுவதாகிவிடும். வளர்ச்சி வேகத்தைப் பார்த்தால் இன்றைய ஊர்வனவைவிட மிக வேகம். கோடு விழுவதைப் பார்த்தால் வருஷா வருஷம் நின்று நின்று வளர்ந்தது. ஆனால் கோடு விழுந்தாலே குளிர் ரத்தம் என்று முடிவெடுக்கக்கூடாது, மான் போன்ற முலையூட்டிகளிலும் அது விழும்.

எனக்கு வலுவாகத் தெரியும் சான்று அலாஸ்காவின் வட கோடியிலிருந்து வருகிறது. கொல்வில் ஆற்றங்கரையில் பாட்ரிக் டிரக்கன்மில்லரும் எரிக்சனும் மண்ணை அள்ளி வந்து கழுவி அரித்து நுணுக்குக்காட்டியில் தேடினார்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவான பற்களும் எலும்புகளும், முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த அல்லது வரவிருந்த குஞ்சுகளுடையவை, பல வகை டைனோசர்களில் கிடைத்தன. 7 கோடி வருஷத்துக்கு முன் அந்த இடம் வட துருவத்துக்கு இன்னும் கிட்ட, குளிர்காலத்தில் நாலு மாதம் சூரியனே இல்லை, பனியும் விழும். கோடையில் வந்து முட்டையிட்டுவிட்டு தெற்கே போயிருக்கலாமே என்றால், அதற்கு மேலே சொன்ன பொரிக்கும் காலத்தைப் போட்டுப் பாருங்கள்: முட்டை பொரித்து முடிய கோடையும் முடிந்துவிடும், அந்தச் சின்னக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நடக்காது. அங்கேயே வருஷம் முழுவதும் இருந்திருக்கின்றன. அதே மண்ணில் முதலை, ஆமை, பல்லி எதுவும் கிடைக்கவில்லை. உடம்புச் சூட்டைத் தாமே ஓரளவுக்குக் காப்பாற்றியவைதான் தாங்கியிருக்கின்றன.

அப்ப கோழியும் டைனோசரா?

ஓம். பறவைகள் சிறிய ஊனுண்ணி டைனோசர்களிலிருந்து வந்த ஒரு கிளை. அப்படியென்றால் கோழிக்குஞ்சு சில மாதங்களில் வளர்ந்துவிடும் வேகம் தாத்தாவிடமிருந்து வந்ததா? ஜேர்மனியில் கிடைத்த, 15 கோடி வருஷப் பழைய, ஆதிப் பறவை என்று சொல்லப்படும் ஆர்க்கியொப்டெரிக்ஸின் எலும்பை 2009ல் எரிக்சன் குழு பார்த்தது. அது முழுதாக வளர ஏறக்குறைய 970 நாட்கள் எடுத்திருக்கிறது, அதே அளவான டைனோசரின் வேகம்தான். இறகு வந்து, பறக்கத் தொடங்கி, அதற்கும் பிறகுதான் இன்றைய பறவையின் வேகம் வந்தது.

மகள் இதைத்தான் படிக்கப் போறன் எண்டு நிக்கிறா. இங்க வழி இருக்கா?

இருக்கிறது, நேரே இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு, பிறகு உயிரியல் அல்லது புவிச்சரிதவியல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. மேற்படிப்புக்கு வெளியே போகவேண்டி வரும். எரிக்சனின் பாதி வேலை உயிருள்ள முதலையிலும் பொறியியல் ஆய்வுகூடத்திலும் நடந்ததைப் பார்த்தீர்கள்தானே, பௌதிகத்தைக் கைவிடவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும், அப்பாவோ அம்மாவோ சனிக்கிழமை ஒன்றில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கும் பக்கத்திலிருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கும் கூட்டிப்போகலாம்.

எண்ணெல்லாம் மாறிக்கொண்டே இருக்கு. முதல் சொன்னது பொய்யா?

நல்ல உதாரணமாகவே எடுப்போம். 2004ல் சூவின் எடை 5.6 தொன் என்று போட்டார்கள், பின்னால் வந்த கணிப்புகள் 8 தொன்னுக்கு மேலே போகின்றன. எடை கூடினால் நாளைக்கு எத்தனை கிலோ என்பதும் கூடும். வயதுக் கோடு மாறவில்லை, எடை போடும் முறை மாறியது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஜேன். 2001ல் மொன்டானாவில் கிடைத்த நடுத்தர அளவான எலும்புக்கூடு அது. பலர் அதை இளம் டி-ரெக்ஸ் என்றார்கள், சிலர் நானோடைரனஸ் என்ற வேறு சின்ன இனம் என்றார்கள். 2020ல் ஹோலி வுட்வார்டின் குழு அதன் கால் எலும்பை அறுத்து, சுமார் 13 வயதான, இன்னும் வளர்ந்துகொண்டிருந்த விலங்கு என்று காட்டியதும் இளம் டி-ரெக்ஸ் என்ற பக்கம் பலமானது. பிறகு 2025ல் லிண்ட்ஸே ஸன்னோவும் ஜேம்ஸ் நபோலியும் இன்னொரு எலும்புக்கூட்டை ஆராய்ந்தார்கள். டிரைசெரடொப்ஸோடு சேர்ந்து புதைந்திருந்த அது சுமார் 20 வயது, வளர்ச்சி அடங்கிய நிலை, ஆனால் டி-ரெக்ஸைவிட மிகச் சிறியது. நானோடைரனஸ் தனி இனம்தான், ஜேனும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதினார்கள்.

 ஜேன் போன்றவற்றை இளம் டி-ரெக்ஸ் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், டி-ரெக்ஸின் பிள்ளைப்பருவத்துக்கான சான்று மெலிந்துபோகிறது. அந்த வயதில் அது எப்படி இருந்தது, எதைத் தின்றது, எப்போது பாயத் தொடங்கியது என்பதை வேறு எலும்புகளை அறுத்து மறுபடி எண்ணவேண்டும். எண்ணும் முறை அதேதான். தேவைப்படுவது, சந்தேகமில்லாமல் டி-ரெக்ஸ் என்று சொல்லக்கூடிய குட்டிகளின் எலும்பு.